கண்ணையன் ஓட்டிய டீசல் பிளஷர்

வலி கண்ட பெண்ணை வாசலில் தவிக்க விட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினவனாம் கண்ணையன்! பெரம்பலூர் கடைத்தெருவில் டீ குடிக்கிற வாயெல்லாம் இதைத்தான் சொல்கிறது. யார் பார்த்தது? அவன் வண்டியில் ஏறின பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வார்கள்.

ரயில் இல்லாத ஊர். பிரசவம் சிக்கலானால் திருச்சிக்குத்தான் ஓடவேண்டும். வாடகைக் கார் முதலாளி காசிநாதனிடம் பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார் ஒன்று இருந்தது; காரை அப்போது பிளஷர் என்பார்கள். பின்சீட்டை மடக்கிப் பாய் விரித்தால் ஒருத்தி கால் நீட்டிப் படுக்கலாம். டிரைவர் கண்ணையன். பெண் ஏறியதும் முதல் வேலையாக, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவான். அந்நிய ஆம்பிளை பார்க்கக்கூடாத கோலம் அது. ஆனால் காது முழுக்கப் பின்னால்தான். முனகல் ஏறினால் வேகம் குறையும், அடங்கினால் கூடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காசிநாதன் புது எஸ்டேட் காருக்குப் பதிந்தார். பெட்ரோல் எஞ்சினா, புதிதாக வரப்போகிற டீசல் எஞ்சினா என்று கம்பெனி ஏஜெண்ட் கேட்டார்.

“ஓட்டப்போறவன் நீ. நீயே சொல்லுடா,” என்றார் காசிநாதன்.

“டீசலே போடுங்க மொதலாளி. வாடகையக் கொறச்சுக்கலாம். இல்லாத சனமும் ஏறும்ல?”

அதைத்தான் நினைத்தான் பாவி மகன். வேறெதையும் நினைக்கவில்லை.

வண்டி வந்தது. சாவியைத் திருகினால் உடனே கிளம்பாது. எஞ்சினுக்குள் கம்பிச்சுருள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பினாலோ காதடைக்கும் இரைச்சல். ஸ்டாண்டில் அடுத்த காரை ஓட்டும் வீரமுத்து, “என்னடா கண்ணையா, பிளஷரு வாங்குனீங்களா, ரைஸ்மில்லு வாங்குனீங்களா?” என்று கேலி செய்தான். கண்ணையனும் சிரித்தான்.

அந்த மழைக்காலத்தில் வாலிகண்டபுரத்து மலர்கொடியை ஏற்றினான். துணைக்கு அவள் அம்மா ஆண்டாயி மட்டும். வழக்கம்போலக் கண்ணாடியைத் திருப்பினான். பாடாலூர் தாண்டியதும் பின்னால் பிள்ளை வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு. மகளை விட்டு நகரமுடியாமல் ஆண்டாயி நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. பிள்ளைக்கு இல்லை.

“அம்புட்டுக் கத்துனனே, காதுல வுழலியாப்பா?” ஆண்டாயி திட்டக்கூட இல்லை.

பெட்ரோல் எஞ்சின் மாற்றச் சொல்லிக் காசிநாதனிடம் கெஞ்சினான். “நீ கேட்டதுதானடா?” என்றார் அவர். பொய்யில்லையே. அன்றிலிருந்து மனைவி பொன்னுத்தாய் மெல்லக் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்புவான்.

தை மாதம் ஒரு விடியலில், மகளுக்கு வலி என்று ஒருவர் அவன் வீட்டுக்கு ஓடிவந்தார். கண்ணையன் வாசலில் நின்ற வண்டியின் சாவியைத் திருகினான். எஞ்சின் இரைந்தது. சட்டென்று அணைத்துவிட்டான். தவிக்கவா விட்டான்? தானே ஓடி வீரமுத்துவை எழுப்பிக் கூட்டிவந்து சாவியைக் கொடுத்தான்.

“கண்ணாடியத் திருப்பாத வீரமுத்து. யாரு என்ன சொன்னாலும் சரி, அப்பப்பப் பின்னால பாத்துக்க.”

வண்டி தெருமுனை தாண்டும்வரை நின்றான். உள்ளே போய் டிரைவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“சட்டையில்லாம எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் பொன்னுத்தாய்.

“செத்த நேரம் நடந்துட்டு வரேன் புள்ள.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். வண்டிகள் போகிற ரோட்டை விட்டு, வரப்பில் இறங்கி நடந்தான்.