உருண்டவரை விழுந்தவர் என்ற கருவி

ஸ்வீடன்காரர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். பெல்ட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு நடக்கப் போகமாட்டார்கள். கருவி பார்க்காத நடை வீண் நடையாம். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சாட்சியே இல்லாமல் சுற்றி வளர்ந்த எனக்கு, இந்த 2011-இல் அந்தப் பொத்தானைச் செய்கிற கம்பெனியில்தான் சோறு. ஆகவே வாய்விட்டுச் சிரிக்கும் உரிமை எனக்கில்லை.

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த அப்பாவை, கடலூர் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். போனில் கேட்டால் "நடந்துக்கினுதான் இருக்கேன்" என்பார். பின்னால் டிவி சீரியல் அழுதுகொண்டிருக்கும். போன விடுமுறையில் ஒரு சென்சாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெல்ட்டே கட்டாத மனிதர், அரைஞாண் கயிற்றில் தாயத்துக்குப் பக்கத்தில் அதை முடிந்துகொண்டார். நடந்தாலும் விழுந்தாலும் அது அவர் போனுக்குச் சொல்லும், போன் எனக்குச் சொல்லும். பிள்ளையின் கடமையை இவ்வளவு சின்னதாக வேறு யாரும் செய்து முடித்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டர் திரை சிவந்தது. அப்பா விழுந்துவிட்டார். மறுபடி விழுந்தார். மறுபடியும். தங்கை கணவர் செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"பயப்படாதீங்க மச்சான், சிதம்பரத்துல கோயில்ல இருக்கோம். மாமா உருளுறாரு."

"உருளுறாரா?"

"அங்கப்பிரதட்சணம் மச்சான். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

பக்கத்து மேசை எரிக் பதறிப்போய் என்ன ஆயிற்று என்றான். அப்பா கோயிலைச் சுற்றி உருளுகிறார் என்றேன். "யார் தள்ளிவிட்டது?" என்று கேட்டான். இவனுக்கு எங்கள் கருவியே தேவலை. அது யார் மேலும் பழி போடவில்லை.

அப்பா போனை வாங்கினார். மூச்சு இரைத்தது.

"ஏம்ப்பா, இந்த ஒடம்ப வச்சிக்கினு?"

"டாக்டரு நடக்கச் சொன்னாரு, உருளக் கூடாதுன்னு சொல்லலியே. ஒனக்கு அந்த ஊர்லயே நெரந்தரமா இருக்க விசா கெடைக்கணும்னு வேண்டிக்கினேன். கெடச்சிடுச்சில்ல, செய்யாம இருந்தா நல்லா இருக்குமா?"

நான் அவரை விட்டு ஒரேயடியாகத் தள்ளி இருப்பதற்காக, ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு அவரே கல்தரையில் உருண்டிருக்கிறார்.

திரை விடுவதாயில்லை. உதவி தேவையா, தேவையா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம் என்று அழுத்தினால் உடனே ஓடிவர வேண்டிய ஆள் என்று அதில் பதிந்திருப்பது என் பெயர்தான்.