தொரசானி கொண்டுபோகாத பிள்ளை

மழை விட்டதும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய தேவாலயத்திலிருந்து பாசியும் வௌவால் எச்சமும் கலந்த வாடை கிளம்பி, தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயம் வரைக்கும் வரும். வெள்ளைக்காரத் துரைமார் ஜெபிப்பதற்காக எங்கள் முன்னோர் கல் சுமந்து கட்டிய அந்தத் “தொரமாரு கோயில்” முற்றத்தில் ஒரு துரையின் மனைவியைப் புதைத்திருந்தார்கள். பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் “தொரசானி” அடுத்தவர் பிள்ளைகளைத் தேடி அலைகிறாள் என்றும், பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றும் லயத்தில் சொல்வார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மா, மாலைக் கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டதென்று அந்தக் குறுக்குப் பாதையில் நடந்துவிட்டார். மறுநாள் காலையே வலி கண்டது. பிறந்த தம்பி மூச்சுத் திணறி, மதியத்துக்குள் இறந்துபோனான்.

“ஏம்புள்ள, படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டியா? அவ சும்மா விடுவாளா?” என்றார் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா.

அம்மா அதை அப்படியே நம்பினார். “நாந்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்” என்று சொல்லிச் சொல்லியே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. பள்ளிவிட்டு வரும் வழியில் தனியாகப் போய், கல்லறைப் பாசியைக் கையால் வழித்து, அதிலிருந்த ஆங்கில எழுத்தை வாசித்தேன். தாயும் பச்சைக் குழந்தையும் ஒரே நாளில் இறந்து, ஒரே குழியில் கிடந்தார்கள்.

“அம்மா, அவங்க புள்ள அவங்ககூடத்தான் இருக்கு. எதுக்குத் தேடி அலையணும்?”

அம்மா என்னையே வெறித்தார். “அப்ப எம்புள்ளய யாரு கொண்டுபோனா?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக லொறி கேட்டேன். கொழுந்த பெக்டரியில எறக்கிட்டுத்தான் அனுப்புவேன்னுட்டாரு கண்டாக்கு.”

“இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே! தொரசானி மேல பழி போட்டா அவ திருப்பிக் கேக்க மாட்டா, அதானே?” என்றார் அம்மா.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நின்ற இடத்தில், அம்மா, தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையாவின் முன்னால் போய் நின்றார். “லொறிய ஏன் அனுப்பலன்னு சொல்லுங்கய்யா.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நேரமாச்சு, மலைக்குப் போ” என்றார். அன்று மாலை அம்மா தானாகவே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இன்று தேவாலயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் தொரசானியின் கல்லைப் படமெடுத்துப் போகிறார்கள். அவளுக்குப் பயப்பட லயத்தில் இப்போது யாரும் இல்லை. தம்பியைப் புதைத்த மலையில் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்டால், அம்மா ஒருநாள் ஒரு செடி நிரையைக் காட்டுகிறார். இன்னொரு நாள் வேறொன்றை.