அட்டமியன்று கொடுத்த தாள்

துணி துவைக்கிற சவர்க்காரம்கூட வன்னிக்குள் வராமல் அரசாங்கம் தடுத்து வைத்திருந்த போர்க்காலம் அது. மல்லாவியில் என் வளவுக் கொட்டிலில் நானும் இன்னொருத்தியும் சேர்ந்து சவர்க்காரம் காய்ச்சினோம். அவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். கடலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தாள்.

இலுப்பெண்ணெயும் சாம்பல் வடித்த தண்ணீரும்தான் எங்கள் மூலப்பொருள். எவ்வளவு காய்ச்சினாலும் களியாகத்தான் வரும். ஒருநாள் அவள் கருவாட்டுக்கு உப்புப் போடுகிற தன் பழைய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். அடியில் உறைந்திருந்த உப்பைக் கழுவ மறந்திருந்தாள். அன்றைக்குச் சவர்க்காரம் கட்டியாக இறுகி, கத்தி வைத்து வெட்டும்படி வந்தது. மல்லாவியில் வேறு யாருக்கும் அந்த உப்பின் சங்கதி தெரியாது.

சந்தைக்குப் பின்னால் ஒருவர் பெரிய கிடாரம் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எண்ணெய்க்கு அவரிடம் பஞ்சமில்லை, சவர்க்காரம் மட்டும் களி. இரண்டு தொழிலையும் ஒன்றாக்குவோம் என்று அவரே கேட்டு வந்தார். அவளுக்குச் சரிபாதிப் பங்கும், கிடாரத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளோடு இருக்க ஓர் அறையும் தருவதாகப் பேச்சு. பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இரு பக்கமும் தங்கள் தொழில்முறையை ஒளிக்காமல் எழுதி இணைக்க வேண்டும். எங்கள் பக்கத்தை நான்தான் எழுதினேன். எவ்வளவு உப்பு, எந்தக் கொதியில் போடுவது, எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கையெழுத்து வைக்கப் போன அன்று அட்டமி. எனக்குக் காலையிலிருந்தே மனம் கேட்கவில்லை.

"எங்கட ஆக்கள் நாள் பாக்கிறேல்லை அக்கா. வந்தனாங்கள், வைச்சிட்டுப் போவம்," என்றாள் அவள்.

"பேசாமலிருங்கோ தங்கச்சி. நல்ல காரியத்தை அட்டமியிலை தொடங்கிறதோ? வெள்ளிக்கிழமை வைப்பம்."

கிடாரக்காரர் என்னைவிடப் பக்திமானாகத் தலையாட்டினார். "ஓம் அக்கா, அவசரமில்லை. அந்தத் தாளை மட்டும் தந்திட்டுப் போங்கோ, வாசிச்சு வைக்கிறன்."

கொடுக்காமல் வந்தால் நம்பவில்லை என்றாகிவிடுமே என்று கொடுத்தேன். கையெழுத்துக்கு நாள் பார்த்த இந்தப் புத்திசாலிக்குத் தாளைக் கொடுக்க நாள் பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தலைக்கு முழுகி, திருநீறு பூசி, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரோடு ஒரு மூட்டை உப்பு. "தனியாச் செய்வம் எண்டு யோசிச்சிட்டன் அக்கா. குறை நினையாதேங்கோ," என்றார். நொத்தாரிசிடம் ஓடினேன். கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர்.

சில கிழமைகளில் மல்லாவிச் சந்தை முழுக்க அந்த ஆளின் கட்டிச் சவர்க்காரம்தான். எங்களுடையதை வாங்க ஆளில்லை. எனக்கென்ன, வயல் இருந்தது. அவளுக்குத்தான் ஒன்றுமில்லை. அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டத் திட்ட என் வாயே எனக்குக் கைத்தது. அவளுடைய உப்பை அவர் திருடினார்தான், ஆனால் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தது நான். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகு ஒருநாள் பிள்ளைகளோடும் அந்தப் பானையோடும் என் வாசல் படலையில் வந்து நின்றாள். கரைக்கே திரும்பிப்போய்க் கருவாடு போடப் போவதாகச் சொன்னாள்.

"நீங்கள் ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்கோ அக்கா. அந்த நேரத்துக்கே வெளிக்கிடுறம்," என்றாள்.

குத்திக்காட்டத்தான் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என் மனம் ஆறட்டும் என்றுதான் கேட்டாள். பஞ்சாங்கம் சுவரில்தான் தொங்கியது. அதன் பக்கம் திரும்பவே எனக்கு முகமில்லை.

"இப்பவே நல்ல நேரம்தான் தங்கச்சி," என்றேன்.