அணையில் ஒரு நனைந்த இடம்

நேற்று மத்தியானம் பக்கத்து வளவில் ஒரு ரிப்பர் லொறி வந்து அத்திவாரம் நிரப்ப மண் கொட்டிவிட்டுப் போனது. சற்று முன்னர்தான் தூறி ஓய்ந்திருந்தது. நனைந்த செம்பாட்டு மண்ணின் மணம் மதிலைத் தாண்டி வந்தது. உரும்பிராயில் வளர்ந்தவனுக்கு அது புதிய மணமல்ல. ஆனால் இந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கல்லுப்பொடி கலந்திருந்தது. எழுந்துபோய்ச் சாரதியிடம் எங்கே அள்ளியது என்று கேட்டேன்.

“உதிலை பழைய கல்லுக்கிடங்கடியிலை ஒரு அணை கிடந்ததெல்லே ஐயா, அதுதான். நல்ல மண். இன்னும் நாலு லோட்டோடை முடிஞ்சிடும்.”

அணை என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். அணை கட்ட எங்களிடம் ஆறு ஏது? சுண்ணாம்புக் கல் வெட்டிய ஒரு தனியார் கிடங்கு அது. ஆழம் போகப் போக நிலத்தடியில் தண்ணீர் ஊறியது. அதை யந்திரம் வைத்து மேலே இறைத்து விட்டார்கள். இறைத்தது திரும்பவும் கிடங்குக்குள் ஓடாமல் இருக்க, கல்லுக்கு மேலே வழித்தெடுத்த செம்மண்ணையே வட்டமாகக் குவித்துத் தேக்கினார்கள். இரண்டு ஆள் உயரம். ஒரு சுருட்டுப் புகைத்து முடிவதற்குள் சுற்றி வந்துவிடலாம்.

அப்படிச் சுற்றி வருவதுதான் மணியண்ணையின் வேலை. அவர் அணையின் காவலாளி. அலுவலகத்தில் அவருக்குச் சப்பாத்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் காவல் கொட்டில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் அணையில் ஏறுவார். ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்னர் காலுக்குத் தெரியும் என்பார். நான் அப்போது ஒரு பத்திரிகையின் ஊர் நிருபர். சட்டைப்பையில் இரண்டு பேனை, ஒன்று எழுதாது. அவரோடு நடக்க என் புதுச் சப்பாத்தையும் கழற்ற வைத்தார். எனக்குக் கல் குத்தியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“பேப்பர்க்காரற்றை கால் வெள்ளைக்காரன்ரை கால் மாதிரியெல்லே கிடக்குது!” என்று சிரித்தார்.

கால் என்றதும் அக்காவின் கால்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பித் திருப்பி, மாரி கோடை என்றில்லாமல் சேற்றுப் புண்ணோடு இருந்த கால்கள். அக்காவின் சீதன உறுதிப் பத்திரத்தில் தோட்டக் காணியோடு பங்குக் கிணற்றில் எட்டிலொரு பங்கும் எழுதியிருந்தது. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கிணறு. யார் எந்த நாள் இறைப்பது என்ற முறை தகப்பன் வழியாகவும் சீதனமாகவும் வந்தது. ஞாயிறை மட்டும் இரண்டு குடும்பம் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொண்டன; செவ்வாய்க்கிழமை அக்காவுடையது. கிடங்கில் யந்திரம் ஓடத் தொடங்கிய இரண்டாவது கோடையில் அந்தக் கிணறு வற்றியது. வாளி கல்லில் இடித்த சத்தத்தை நானே கேட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனபோது அக்காவின் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிணறு வற்றியபடியே கிடந்தது. எட்டுக் குடும்பமும் சேர்ந்து, மணியண்ணை இல்லாத நேரம் பார்த்து, அணையின் அடியில் துளைத்து ஒரு பிளாஸ்ரிக் குழாய் புதைத்திருந்தார்கள். வெளிவாய்க்குத் தேங்காய்ப் பொச்சு அடைத்து, மேலே பூவரசம் குழை போட்டு மறைத்திருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது என்னவென்றால், அந்தக் குழாய்க்கும் அதே முறைதான். செவ்வாய் அக்காவுக்கு. ஒருவர் நாளில் இன்னொருவர் பொச்சைத் தொடமாட்டார்.

“அத்தான், இது களவெல்லே?” என்று கேட்டேன்.

“ஆருடைய களவு? எங்கடை கிணத்துத் தண்ணியை உறிஞ்சி அங்கை கட்டி வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் எங்கடையைத்தான் எடுக்கிறம்,” என்றார் அத்தான். “நீ உதைப் பேப்பரிலை போட்டிடாதை. உன்ரை அக்கா உந்தத் தண்ணியை நம்பித்தான் இந்தமுறை நட்டிருக்கிறா.”

அத்தான் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிக்கொண்டும் தண்ணீர் ஒழுகும், ஒழுகி மண்ணை மெல்ல மெல்லக் கரைக்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மணியண்ணையின் கால்தான் முதலில் கண்டுபிடித்தது. ஐப்பசியில் ஒரு காலை, என் முன்னாலேயே, அணைச் சரிவில் ஓரிடத்தில் நின்று குதிக்காலால் அமத்திப் பார்த்தார்.

“தம்பி, இதிலை ஊறுது. எங்கையிருந்து வருதெண்டு விளங்கேல்லை. உமக்கு ஏதும் தெரியுமோ?”

முப்பது அடி தள்ளிப் பூவரசம் குழை கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“உடும்பு வளையாயிருக்கும் அண்ணை.”

“ஓமோம், இருக்கும்,” என்றார். உடனே நம்பினார். படித்த பெடியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். இரண்டு நாளாக இல்லாத வளையைத் தேடிக் களிமண் அடைத்துக்கொண்டிருந்தார்.

மழை பிடித்த நான்காம் நாள் விடியற்காலை அணை உடைந்தது. யந்திரங்கள் கிடங்குக்குள் மூழ்கின. ஆட்கள் வேலைக்கு இறங்கும் முன்னர் நடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வெங்காயம் முழுவதும் சேற்றுக்குள் போனது. கிடங்கு மனேச்சர் வந்து சேர்வதற்குள் அத்தானும் மற்றவர்களும் குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். மனேச்சர் சொன்னார், நான் எழுதினேன். ஏழு வரி. ‘காவலாளியின் கவனக்குறைவால் அணை உடைப்பு.’ தலைப்பு நறுக்கென்று இருப்பதாக ஆசிரியர் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்து மணியண்ணை வீட்டுக்கு வந்தார். வேலையும் கொட்டிலும் பறிபோயிருந்தன. கையில் அந்தப் பேப்பர்.

“கண்ணாடி வெள்ளத்தோடை போயிட்டுது. இதை ஒருக்கா வாசியும் தம்பி.”

வாசித்தேன். ஏழு வரி இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“கவனக்குறைவு எண்டது நீர் போட்டதோ, அவை சொன்னதோ?”

“அவை சொன்னது அண்ணை.”

“அதானே பாத்தன்,” என்றார். பேப்பரை வாங்கி நாலாக மடித்தார். “உடும்பெண்டு நான் எவ்வளவோ சொன்னன். சிரிச்சுப்போட்டினம். நீரும் கண்டனீர்தானே?”

ஓம் என்றேன். தென்மராட்சியில் மனைவியின் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை ஒரு திருத்தம் எழுதினேன். நாலு வரிதான். கொடுத்தால் எட்டு வீட்டுக்கும் பொலிஸ் வரும். அக்கா அப்போது ஆறு மாதம். அடுத்த கிழமை கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். பல கிழமைகள் போயின. பிறகு சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது. அந்தத் தாளும் வீட்டோடு போனது. அவர் ஓர் அகதி முகாமில் காலமானதை வருடங்கள் கழித்து யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன். கடைசிவரை உடும்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கிணற்றை மூடிவிட்டார்கள். எட்டுப் பங்குக்காரரில் அத்தானும் இன்னும் மூவரும் இல்லை. மிச்சப்பேர் கனடாவிலும் லண்டனிலும். அக்காவுக்கு இப்போது என்னையே சில நாட்களில்தான் அடையாளம் தெரிகிறது. அந்தப் பத்திரிகையும் நின்றுபோய்விட்டது. நடந்ததைச் சொன்னால் இன்றைக்கு எவருக்கும் ஒரு கெடுதலும் வராது. அதனால்தான் இப்போது சொல்ல முடிகிறது.