ஆணியில் மாட்ட ஓர் அஸ்தமனம்

சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுப்பவர்களுக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம்தான் வேலை. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் யார் குறுக்கே வந்தார்கள் என்று புலம்புவதற்கு. டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

நான் பத்து பாகாட் என்ற மேற்குக் கரையோர ஊரில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் சூரியனைத் துரத்துகிறேன். புது வீடு வாங்கியபோது, ஹால் சுவரின் நடுவே என் கணவர் சேகர் ஓர் ஆணி அடித்தார். கிரகப்பிரவேசத்துக்குள் நான் எடுத்த அஸ்தமனம் அதில் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் என் மாமியார் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஏழு குதிரைகள் ஓடும் படம் தொங்கும். அந்தக் குதிரைகளை எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஏழும் என்னைப் பார்த்தே பல்லைக் காட்டின.

காலிப் படம்

முதல் வாரம் பத்து பாகாட் கடற்கரையில் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். சூரியன் கடலைத் தொட இன்னும் இரண்டு விரல்கடை இருக்கும்போது ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு சித்தப்பா. கேட்காமலே என் கேமராவுக்கு முன்னால் உயரப்படி வரிசையாக நின்றுவிட்டார்கள். "நான் ஆளுங்கள எடுக்கலைங்க, சூரியன மட்டும்தான்" என்றேன். அப்பாக்காரருக்கு என் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

"ஐயோ அலமாக், ஆளே இல்லாத படத்த எடுத்து யாருக்குக்கா அனுப்புவீங்க?"

உதவிக்கு வந்த வெளிச்சம்

அடுத்த வாரம் அதே இடம். ஷட்டரை முப்பது வினாடி திறந்து வைத்தால் அலையெல்லாம் பால் போல வரும் என்று படித்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே படகு வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் வெகுநேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மோட்டார் சைக்கிளைத் திருப்பி, முன்விளக்கை முழுசாகப் போட்டுக் கடலைப் பார்த்து அடித்தார்.

படத்தில் வானம் ஆரஞ்சு, கடல் பால், அதற்கு முன்னால் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு பளபளவென்று ஜொலித்தது. பெரியவர் ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்:

"பார்த்தியா, நான் இல்லன்னா அந்தச் செருப்பு தெரிஞ்சிருக்குமா?"

லாபிஸில் நாற்பது படம்

ஆலையில் என்னோடு வேலை செய்யும் செல்வி, லாபிஸ்காரி. "எங்க ஊரு தண்டவாளத்துகிட்ட வா, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல சூரியன் விழும் பாரு, அப்படி இருக்கும்" என்று ஆசை காட்டினாள். பொய் சொல்லவில்லை. வானம் அன்று செம்பருத்தியாகச் சிவந்தது. குனிந்து, நிமிர்ந்து, கொசுக்கடி வாங்கி நாற்பது படம் எடுத்தேன். பிறகு பார்த்தால் கேமராவில் மெமரி கார்டு இல்லை. அது வீட்டில் கணினியில் சொருகியபடி இருந்தது. கார்டு இல்லை, கார்டு இல்லை என்று கேமரா சின்ன எழுத்தில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

"விடு லா, உங்க மாமியார் கேட்டா நான் வந்து சாட்சி சொல்றேன்."

சேகரின் இன்ப அதிர்ச்சி

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருந்தது. என் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் சேகர் லீவு போட்டார். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் காரில் ஏற்றினார். கோத்தா திங்கி தாண்டும்வரை நன்றாகத் தூங்கினேன். கண் விழித்தபோது அழகான கடற்கரை. ஈ, காக்கை இல்லை. முக்காலியை நிறுத்தினேன். மணி ஏழானது. கடலில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், பொதுக் கழிப்பறைக் கூரைக்கு அந்தப் பக்கம், சூரியன் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருந்தது. மனுஷன் என்னைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டு வந்திருந்தார்.

"கடல் வேணும்னு சொன்ன, சூரியன் வேணும்னு சொன்ன. ரெண்டும் ஒரே பக்கம் இருக்கணும்னு சொல்லவே இல்லையே!"

ஏழு குதிரைகளின் கதி

மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது ஒரு மாலை, வேலை முடிந்த கையோடு பத்து பாகாட் கடற்கரைக்கு ஓடினேன். குடும்பம் இல்லை, செருப்பு இல்லை, கார்டு உள்ளே இருந்தது. அந்தப் பெரியவரே படகில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சரியாக அவர் தலைக்கு மேல் சூரியன். ஒரே ஒரு படம். பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, ஆணியில் மாட்டினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மாமியார் குதிரைகளோடு வந்து இறங்கினார். படத்தை உற்றுப் பார்த்தார். "சாயங்காலமா இது? புது வீட்டுல போய் மறையுற சூரியன மாட்டுவாங்களா? கழட்டும்மா" என்றார். கேமராவை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது சேகர் கண் இமைக்காமல் சொன்னார்: "உதயம்தாம்மா அது. கோத்தா திங்கி தாண்டிப் போனோம்ல, அங்க எடுத்தது." மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். முகம் மலர்ந்தது. குதிரைகளைச் சுவரோரம் திருப்பி வைத்தார்.

"அதான பார்த்தேன். பாவம் அந்த மனுஷன், விடிஞ்சும் விடியாம மீன் பிடிக்கக் கிளம்பிட்டாரு பாரு!"

வாரக்கணக்கில் அலைந்து நான் எடுத்த ஒரே உருப்படியான அஸ்தமனம், இப்போது எங்கள் வீட்டு ஹாலில் தினமும் உதித்துக்கொண்டிருக்கிறது.