தோற்றேன் என்று சொல்லும் நிரல்

என் அக்காவை அவள் அலுவலகத்தில் 'ஒண்ணு மேடம்' என்று கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். நான் அதைப் பட்டம்போல எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன்.

அவள் சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவள். ஒரு நிரல் முடியும்போது, தன்னை ஓடவிட்ட கணினியிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சுழியம் என்றால் வேலை நடந்தது. ஒன்று என்றால் நடக்கவில்லை. ஆனால் அவள் கம்பெனியில், நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடைசி வரி exit(0), அதாவது சுழியம் சொல்லிவிட்டுப் போ, என்றுதான் இருக்கும். ஒன்று என்று போனால் வாடிக்கையாளரின் சுவரில் சிவப்பு விளக்கு எரியும், உடனே கம்பெனிக்குப் போன் வரும். யாருக்கு வேண்டும் அந்தத் தொல்லை?

அப்படி ஒரு நிரல் ஒரு மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர் அறையைக் கண்காணித்தது. ஒரு நாள் அந்த அறைக்கு வரும் மின்சாரம் நின்றது. குளிரும் போயிற்று, வெப்பமானியும் செத்தது. வெப்பநிலையைப் படிக்க முடியாத நிரல், ஓடிய ஒவ்வொரு முறையும் சுழியம் சொல்லிவிட்டு முடிந்துகொண்டே இருந்தது. வெளியே பச்சை விளக்கு. பல மணி நேரம் கழித்து, யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. மருந்து மொத்தமும் வீண்.

பழி அறைக் காவலர் மேல் விழுந்தது. கதவைத் திறந்து போட்டிருப்பார் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

"பாவம், அவருக்கு நேரம் சரியில்ல" என்றார் அக்காவின் மேலாளர். நேரத்துக்கு வாய் இல்லை என்ற தைரியத்தில்தான் இவர்கள் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுகிறார்கள்.

"நேரம் இல்ல சார், நம்ம நிரல். நான் விசாரணைக்குப் போறேன்."

"உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? வேலை போயிடும். ரெண்டு பிள்ளை வெச்சிருக்கே."

"அதனாலதான் போறேன். தடுப்பூசி யாருக்குப் போடறதுன்னு நெனச்சீங்க?"

விசாரணையில் அவள் பேச்சை வளர்க்கவில்லை. வெப்பமானியின் கம்பியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு நிரலை ஓடவிட்டாள். பச்சை எரிந்தது.

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கம்பியே இல்லாம எப்படிம்மா பச்சை?"

"அறையே இல்லேன்னாலும் பச்சைதான் ஐயா."

யாரோ சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை.

அக்கா அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். வெப்பநிலை கிடைக்காவிட்டால், காரணத்தை எழுதிவை, திறந்த கோப்பை மூடு, பிறகு exit(1). மறுபடி ஓடவிட்டதும் சுவரில் சிவப்பு எரிந்தது. காவலர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"இது மட்டும் அன்னிக்கு எரிஞ்சிருந்தா நான் ஓடியிருப்பேனேம்மா!"

அந்த வாரமே அவர் வேலைக்குத் திரும்பினார். அக்காவுக்கு வர வேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவில்லை. அந்தக் கோபத்தில் நான் வீட்டில் குதிகுதியென்று குதித்தேன்.

"கத்தாதேடா" என்றாள். "எல்லா நிரலையும் திருத்துற வேலை என்கிட்டதான் வந்திருக்கு. இனிமே ஒண்ணுகூடப் பொய் சொல்லாது."

சொன்னபடி செய்தாள். இப்போது அந்தக் கம்பெனிக்குப் போன் மேல் போன் வருகிறது, மேலாளர் முணுமுணுக்கிறார். எங்கோ ஒரு குளிர் அறையில் சிவப்பு எரிகிறது. மருந்து கெடுவதற்குள் ஒருவர் ஓடிப்போய்ப் பார்க்கிறார்.