அத்தான் சாய்ந்த சுவர்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தார். மருமகளின் ஏற்பாடு. வண்ண அட்டையை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். சந்தன வெள்ளை, பால் வெள்ளை, முத்து வெள்ளை என்று என்னென்னவோ இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தால் கண்புரை என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்று பேசாமல் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த நாற்காலியையும் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினால், என் தலை படும் உயரத்தில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

“தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா ஐயா?” என்றார் பெயிண்டர்.

முடி சொற்பம்தான். ஆனாலும் வைக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

“இந்த எடத்துக்கு மட்டும் தனியா ஒரு பிரைமர் குடுக்கணும். இல்லன்னா எத்தனை கோட்டு அடிச்சாலும் எண்ணெய் மேல வந்துடும்.”

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அவருடைய வேலை ஓடியிருக்காது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த நாளில் எந்த வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் இப்படி ஒரு கறை இருக்கும். வீட்டுத் தலைவர் எங்கே உட்காருவார் என்று யாரையும் கேட்க வேண்டாம். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலோரப் பலகையிலும், முடிவெட்டும் கடை பெஞ்சுக்குப் பின்னாலும் கூட இருக்கும். அங்கே பல தலைகள் சேர்ந்து செய்தது. வீட்டில் இருப்பது ஒரே தலையின் வேலை. என் அக்கா தனலட்சுமியின் வீட்டுக் கூடத்தில் இருந்தது அவள் கணவருடையது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன்.

வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். நாட்டு ஓடு வேய்ந்தது. அத்தானின் அப்பா கட்டியது. வாசல் அறை, கூடம், சின்னதாக ஒரு முற்றம், அதைத் தாண்டினால் சமையலறை, பின்னால் ஓர் அறை, கிணறு. அத்தான் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடும் வேலையில் இருந்தார். நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் மனிதர், ராத்திரி சாப்பாடு ஆனதும் கூடத்தில் காலை நீட்டி, முற்றத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்துவிடுவார். “வாங்க மாப்ளே, ஒக்காருங்க. ஒலகம் எப்படிப் போவுது?” என்பார் என்னிடம். உலகத்தைப் பற்றி நான் சொல்வதை மரியாதையாகக் கேட்ட ஒரே ஆள் அவர். அக்கா கரிசலாங்கண்ணியும் வெட்டிவேரும் போட்டுக் காய்ச்சும் தேங்காயெண்ணெயை மணக்க மணக்கத் தேய்த்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வாசனை நம் சட்டைக்கும் வந்துவிடும்.

ஒருநாள் கடையில் துணிக்கட்டைத் தூக்கும்போது விழுந்துவிட்டார். ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. பேச்சில் ‘தனம்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டும் என்றாலும் தனம், வலிக்கிறது என்றாலும் தனம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பகல் முழுக்க அதே இடத்தில் தலையணை அண்டக்கொடுத்துச் சாய்த்து வைத்திருப்போம். சனிக்கிழமைதோறும் அக்கா அவர் தலையைத் தன் மடிப்பக்கம் சாய்த்து, சீயக்காயை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்துவிடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்து, ஒரு ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். சுவர்க்கறை அந்த ஒரு வருஷத்தில்தான் முறம் அளவு பெருத்தது.

அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. இருந்தது அண்ணனும் அண்ணியும் நானும்தான். அண்ணன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் அங்கேயே புதிதாகச் சேர்ந்தவன். ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பம் அறைக்குள், நான் வராந்தாவில். மழை பெய்தால் நானும் அறைக்குள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சைக்கிளில் அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு பழைய காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போவோம். அரிசிப் பை எப்போதும் என் சைக்கிளில்தான். அண்ணனுக்கு முதுகுவலி என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

“நீ ஒண்டியா இங்க என்ன பண்ணப்போற? எங்களோட பொன்மலைக்கு வந்துடு தனம். இருக்கற கஞ்சியைக் குடிச்சுட்டு இருப்போம்” என்று அண்ணன் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார்.

“நா வரலண்ணே. அவரு இருந்த வீடு இது. பூட்டிப்போட்டா ரெண்டு மழைக்கு ஓடு சரிஞ்சுடும். அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?”

கடைசியில் ஒரு வழி சொன்னது அண்ணிதான். வாசல் அறையையும் கூடத்தையும் வாடகைக்கு விடுவது, அக்கா சமையலறையோடு பின்னறையில் இருந்துகொள்வது, குடி வருகிறவர்கள் வாசல் அறையில் ஒரு மூலையைத் தடுத்துச் சமைத்துக்கொள்வது. வாடகை வந்தால் அக்கா யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் வீட்டிலேயே இருக்கலாம். தை பிறப்பதற்குள் யாரும் வரவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பொன்மலைக்கு வந்துவிட வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையாட்டினாள்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். சாவு நடந்த வீடு என்று தெருவில் சொல்லாமலா இருப்பார்கள்? அது தெரிந்துதான் வந்தார்கள். ஆனால் கேள்விப்படுவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் அந்தச் சுவருக்குத்தான் போகும். ஒரு அம்மாள் மட்டும் நேராகவே கேட்டாள், “இங்கதான் அவரை ஒக்காத்தி வச்சிருந்தீங்களா?” என்று. ஆமாம் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

மார்கழியில் வீட்டைப் புதுப்பிக்கத் தீர்மானித்தோம். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. நாங்களே இறங்கினோம். அண்ணன் தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்துப் புகைந்து அடங்கியது. அந்தச் சுண்ணாம்பு வாசனை எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு நல்ல நாளின் எதிர்பார்ப்பு இருக்கும். வடிகட்டி, நீலம் கலந்து, என் கையில் சுண்ணாம்பு அடிக்க நுனி நைத்த ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். நான் அடித்ததில் பாதி என் தலையில் விழுந்தது. வெற்றிலை வாங்கப் போனபோது கடைக்காரர், “என்ன தம்பி, இந்த வயசுலயே நரைச்சுட்டுது?” என்றார். அண்ணி தன் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு என்று வாங்கி வைத்திருந்த பச்சைத் துணியைக் கொண்டுவந்து இங்கே திரை தைத்து மாட்டினாள். செய்தித்தாளை மடித்து, ஓரத்தைப் பூப்பூவாகக் கத்தரித்து, மாடப் பலகைகளில் விரித்தாள். சுவரின் அடியில் காவிப் பட்டை தீட்டினோம். வீடு பார்க்கப் பார்க்க அழகாக ஆகிக்கொண்டே வந்தது. அது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

கூடத்துச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொண்டோம். எண்ணெய்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அண்ணன் கொத்துக்கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். கரகரவென்று சத்தம். சமையலறையிலிருந்து அக்கா வந்தாள்.

“நிறுத்துண்ணே. சுவத்தைப் பேத்துடுவ போலிருக்கு. அதெல்லாம் சுரண்டினா போவாது. தள்ளு.”

உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சீயக்காயைக் கஞ்சியில் குழைத்து எடுத்து வந்தாள். சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் அள்ளி, கறைமேல் வைத்துத் தேய்த்தாள். முதலில் நடுவில், பிறகு ஓரங்களில், விரல் நுனியால் வட்டம் வட்டமாக. நார் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். சுவர் ஈரமானதும் அந்த வெட்டிவேர் எண்ணெய் வாசனை கிளம்பிக் கூடம் முழுக்க நிறைந்தது. அத்தான் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அக்கா அழவில்லை. சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவிவிட்டு, தன் புடவைத் தலைப்பால் சுவரை ஒற்றி எடுத்தாள். “காயட்டும், அப்புறம் அடிங்க” என்று எழுந்து போனாள்.

அடித்தோம். வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அதே இடத்தில் மஞ்சளாக ஒரு நிழல். திரும்பவும் அடித்தோம். அதற்கடுத்த ஞாயிறும் வந்திருந்தது, முன்னைவிடச் சற்று மங்கலாக. அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. “போறதுக்கு மனசு வரல போலிருக்கு அத்தானுக்கு” என்று நான் எதையோ உளறப்போய், அண்ணி என்னை முறைத்தாள். தை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் அண்ணன் ஓர் ஆணி அடித்து, அரிசி மண்டியில் கொடுத்த பெரிய முருகன் காலண்டரை அந்த இடத்தில் தொங்கவிட்டார். கறை மறைந்தது.

பொங்கலுக்கு முன் வாரம், கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் மனைவி, இரண்டு பெண்களோடு வீடு பார்க்க வந்தார். தபாலாபீஸில் வேலை. நடராஜன் என்று பெயர். வருகிறவர்கள் எதிரே வரக்கூடாது என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவளே கிணற்றடிக்குப் போய்விட்டாள். பொட்டில்லாத நெற்றியோடு நின்று அவர்கள் மனதைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். அன்று அதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். அண்ணிதான் வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.

“வீடு லட்சணமா இருக்குங்க. மாடத்துல காயிதத்தைக்கூட எவ்ளோ அழகா வெட்டிப் போட்டிருக்கீங்க!” என்றார் அந்த அம்மாள். நடராஜனுக்கும் பிடித்துப்போனது. நல்ல நாள் பார்த்துக் குடிவந்தார்கள். அக்காவின் வீடு அக்காவுக்கே நிலைத்தது. அன்று பொன்மலைக்குத் திரும்பும் வழியில் அண்ணன் பாலத்தின் நடுவே சைக்கிளை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தபடி சிறிதுநேரம் நின்றார். அவருக்கு முதுகுவலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அரிசியோடு நான் மட்டும் போனேன். நடராஜன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முருகன் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தார். பழைய ஆணியில் சட்டை தொங்கியது. அதன் கீழே, சரியாக அதே இடத்தில், அவர் தலை சாய்ந்திருந்தது. “வாங்க தம்பி, ஒக்காருங்க” என்றார். நல்ல மனிதர். என்னால் உட்கார முடியவில்லை.

பின்னால் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“அங்கதான்டா முத்தத்துக் காத்து வரும். யாரா இருந்தாலும் அங்கதான் ஒக்காருவாங்க” என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “சமையக்கட்டு கதவு சரியா சாத்த மாட்டேங்குது. அண்ணன்கிட்ட சொல்லி ஒரு தாப்பா போடச் சொல்லு” என்றாள்.

போட்டுக்கொடுத்தோம். அதன் பிறகு அக்கா தன் கூடத்துக்குள் போகவே இல்லை. பக்கத்துச் சந்து வழியாகவே போய்வந்தாள். முதல் தேதி வாடகை கொடுக்க நடராஜன் சந்து வழியாக வருவார். அவருடைய பெண்கள் ‘கொல்லை அத்தை’ என்று கூப்பிட்டு அவளிடம் தலை பின்னிக்கொள்ள வருவார்கள். இப்படியே சில வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணனுக்கு நிஜமாகவே முதுகுவலி வந்தது.

பிறகு நடராஜனுக்கு மறுபடி மாற்றல். அவர்கள் காலி செய்த அன்று அண்ணனும் நானும் போனோம். அக்கா தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பழைய இடத்தில், பழைய அளவுக்கே, கறுத்துப் பளபளப்பாக ஒரு கறை. அதன் எதிரே நின்றாள். கையை நீட்டித் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

“இதுல அவரோடது எதுடா?” என்றாள் என்னிடம்.

அண்ணன் முற்றத்தைப் பார்த்தார். அக்காவே குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஏதோ கடையில் விற்கும் வாசனை எண்ணெய்.

“அடிச்சுடுங்க. அடுத்து வர்றவங்க பாப்பாங்கல்ல” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். இந்த முறை சீயக்காய் கரைத்துக்கொண்டு அவள் வரவில்லை. அண்ணன் கொத்துக்கரண்டியால் சுரண்டினார். சுவர் பேர்ந்தது. பேர்ந்தால் பேரட்டும் என்று யாரும் தடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள் முடிவதற்குள் அக்கா அந்தப் பின்னறையிலேயே போய்விட்டாள். தன் வீட்டில்தான் செத்தாள், அந்த மட்டில் நாங்கள் நினைத்தது நடந்தது என்று அண்ணன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சமாதானத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? வீடு கைமாறியது. இப்போது அந்த இடத்தில் பெருமாள் சேவிக்க வருகிறவர்கள் தங்கும் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குப் பளிங்கு மாதிரி ஓடு பதித்திருக்கிறார்கள். யார் சாய்ந்தாலும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பெயிண்டர் சொன்னபடியே பிரைமர் கொடுத்து, முத்து வெள்ளையோ பால் வெள்ளையோ அடித்துவிட்டுப் போனார். நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தைப் பார்க்கிறேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. எதுவும் மேலே வரவில்லை.